ஓஸ்தி என்ற சொல்லும் எங்கள் வீட்டு வெட்டுத்துண்டும்

அன்று எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டின் முன்மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள்: எங்கள் பங்குக் கோவில் குருவானவர் சிறில் சுவாமி, பூசைக்கு வேண்டிய பொருட்களுக்கெல்லாம் பொறுப்பான கோவில் சங்கிலித்தாம் ஹெக்டர், மாதா சபைத் தலைவி பிறிஜெற், அடுத்த வீட்டு மாக்கடை ராசிக், என் தங்கை புளோறன்ஸ், துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து இளைப்பாறிய தலைமைக் கிளாக்கர் ஹியூபேட் யேசுரட்ணமாகிய நான். ராசிக்கின் மனைவி ஸமீமா மதிலுக்கு அந்தப் பக்கம் தன் முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் யன்னல் திறந்திருந்தபடியால் அவளையும் இருந்தவளாகவே கொள்கிறேன். ஆக ஏழு பேர். ஜிந்துப்பிட்டியிலும் பாமன்கடையிலும் இந்தச் சம்பவத்தைக் கண்ணால் கண்டதாகச் சொல்லித் திரிபவர்கள் ஒருவரும் அங்கே இருக்கவில்லை.

அது ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டு, குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை. யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டு ஒரு வருஷம் கழிந்திருந்தது. ஓடிப்போன குடும்பங்களில் பாதி திரும்பி வந்திருந்தன. அரிசி கூப்பனுக்குத்தான், அதுவும் கல்லோடு. எங்கள் மண்டபத்தில் அன்று தீர்மானிக்கப்பட வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்திய பெரிய வாரப் பூசைகளுக்கு ஓஸ்தி சுடுவது புளோறன்ஸா, இல்லையா என்பதே அது.

ஓஸ்தி என்பது பூசையில் குருவானவர் கையில் எடுக்கும் வெள்ளை அப்பம். புளிக்காத மாவில் சுட்ட, காகிதம் போல மெல்லிய வட்டம். எங்கள் வேதத்தைச் சேராதவர்கள் அதை ஒருவகை ரொட்டி என்று சொன்னால் நான் கோபிப்பதில்லை. கோதுமை மாவையும் தண்ணீரையும் கரைத்து நெருப்பில் சுட்டது ரொட்டிதான். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, புளிப்பு இல்லை. வேறு எந்த மாவும் ஒரு சிட்டிகை கலக்கக்கூடாது. கலந்தால் பூசை பூசையல்ல. நாற்பத்தொரு வருஷமாக எங்கள் பங்குக் கோவிலுக்கு ஓஸ்தி எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. முதலில் எங்கள் தாயார் சுட்டார். பிறகு புளோறன்ஸ்.

அதற்கான இரும்பை, ஊர் திரும்பிய ஒரு பிரெஞ்சுச் சுவாமி எங்கள் தகப்பனாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். கொல்லன் குறடு போல நீண்ட இரண்டு பிடிகள். நுனியில் இரண்டு தட்டுகள். ஒரு தட்டில் சிலுவையும் செம்மறியும் வெட்டப்பட்டிருக்கும். வியாழக்கிழமைகளில் புளோறன்ஸ் சிரட்டைக்கரி நெருப்பில் இரும்பைக் காயவைத்து, தேன்மெழுகு தடவித் துடைத்து, கரைத்த மாவில் ஒரு கரண்டி ஊற்றி மூடுவாள். ஒரு 'அருள்நிறைந்த மரியே' சொல்லி முடிக்கும் நேரம் நெருப்பில் இருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னால் கருகும், ஓடிச் சொன்னால் தட்டில் ஒட்டும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் யாராவது விழுந்து கையை முறித்தாலும் புளோறன்ஸ் திரும்பிப் பார்க்க மாட்டாள். சுட்ட தகடுகளை ஈரத்துணியின் கீழ் வைத்துப் பதப்படுத்தி, வெள்ளிக்கிழமை வட்டவட்டமாக வெட்டுவாள். வட்டங்களைத் தகரப் பெட்டியில் அடுக்கிப் பூட்டி அன்று பின்னேரமே ஹெக்டரிடம் கொடுத்துவிடுவாள்.

வட்டம் வெட்டிய பிறகு ஓரங்கள் மிஞ்சும். அவற்றை எங்கள் வீட்டில் வெட்டுத்துண்டு என்போம். சனிக்கிழமை காலையில் பக்கத்து ஒழுங்கைப் பிள்ளைகள் மதிலடிக்கு வருவார்கள். எந்தச் சாதி, எந்த வேதம் என்று புளோறன்ஸ் கேட்பதில்லை. யுத்தத்துக்கு முன்பு எட்டுப் பத்துப் பேர் வருவார்கள். அந்த வருஷம் முப்பதுக்குக் குறையவில்லை.

ராசிக்கின் தகப்பனார் மஷூர் நானா தை மாதத்திலிருந்து படுக்கையில் இருந்தார். எழுபத்தெட்டு வயது. வயிறு எதையும் ஏற்கவில்லை. கூப்பன் அரிசிக் கஞ்சி உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. ஒரு சனிக்கிழமை ஸமீமா மதிலுக்கு மேலால் புளோறன்ஸிடம் நாலு துண்டு வாங்கி, ஆட்டுப்பாலில் ஊறப்போட்டுக் கொடுத்துப் பார்த்தாள். அது தங்கியது. அடுத்த வாரத்திலிருந்து புளோறன்ஸ் ஒரு கோப்பை நிறைய வெட்டுத்துண்டு அந்த வீட்டுக்கென்று தனியாக எடுத்துவைக்கத் தொடங்கினாள்.

மரியாதைக்கு நானும் ஒரு நாள் மஷூர் நானாவைப் பார்க்கப் போனேன். அவர் சுவரில் சாய்ந்து இருந்தார். முன்னால் முக்காலியில் பால் கோப்பை. அதற்குள் எங்கள் வீட்டுத் துண்டுகள் மிதந்தன. ஒன்றில் செம்மறியின் வால் மட்டும் பதிந்திருந்தது எனக்குத் தெரிந்தது.

"கிளாக்கர்," என்றார். "இத்தன நாளா திங்கிறன், பேர் தெரியாது. இது எனத்த ரொட்டி?"

வெட்டுத்துண்டு என்று சொல்லியிருக்க வேண்டும். நோயாளி மனிதருக்கு யேசுரட்ணம் வீட்டிலிருந்து மிச்சம் போகிறது என்று என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஓஸ்தி," என்றேன்.

"ஓஸ்தி." அவர் சொல்லை மென்று பார்த்தார். "நல்லா ஈக்கி. எனத்த கருத்து?"

"அது கோவில் சொல்."

"கோவில் சொல்லுக்குக் கருத்து இல்லயா?"

மஷூர் நானா நாற்பது வருஷம் பம்பாயோடும் கராச்சியோடும் மா வியாபாரம் செய்தவர். கண்கள் குழிவிழுந்திருந்தாலும் அவற்றில் வியாபாரி இன்னும் உட்கார்ந்திருந்தார். "என்ட பழக்கம் ஒண்டு செல்றன், கேளுங்க," என்றார். "எந்தச் சாமானெயும் வாங்க முந்தி அதுட பேர் எங்கேருந்து வந்தெண்டு கேப்பன். பேரெக் கேட்டா ஊர் விளங்கும். இந்தா, கோதம்ப ரொட்டி. கோதம்பு எண்டா மலையாளத்தில கோதுமை. அப்ப அதெ இஞ்ச கொண்டு வந்தவன் யாரு? மலையாளத்தான்தான் எண்டு நான் செல்றன், ராசிக் இல்ல எண்டுறான். சப்பாத்தி எண்டா எனத்த தெரியுமா?"

"தெரியாது," என்றேன். அதைச் சொல்லவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"பம்பாயில சப்பத் எண்டா கன்னத்தில குடுக்கிற அறை. கையால அறைஞ்சு அறைஞ்சு தட்டுறதால சப்பாத்தி. அடி வாங்கின ரொட்டி!" சிரித்ததில் அவருக்கு இருமல் வந்தது. ஸமீமா திரைக்குப் பின்னாலிருந்து, "வாப்பா, கதைக்காமக் குடிங்க," என்றாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நீங்க நாப்பது வருஷமா சுடுற. கருத்து உங்களுக்குத் தெரியாட்டி ஆருக்குத் தெரியும்? கேட்டு வந்து செல்லுங்க. அதுக்குப் பொறகுதான் நான் கண்ண மூடி மௌத்தாவன்."

வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தபோது அந்தக் கேள்வியும் என்னோடு வந்து உட்கார்ந்தது. உண்மையில் எனக்குத் தெரியவில்லை. ஆறு வயதிலிருந்து சொல்லிவந்த சொல். ஞானோபதேசப் புத்தகத்தை எடுத்தேன். ஓஸ்தி நடுப்பூசையில் என்னவாகிறது என்று மூன்று பக்கம் இருந்தது. ஏன் அதற்கு ஓஸ்தி என்று பெயர் என்று ஒரு வரியும் இல்லை. என்னிடமிருந்த அகராதியில் அந்தச் சொல்லே இல்லை. தமிழ்ச் சொல் அல்ல என்பது மட்டும் தெளிவாகியது.

வெள்ளிக்கிழமை பெட்டி எடுக்க வந்த ஹெக்டரை நிறுத்திக் கேட்டேன்.

"இதென்ன ஐயா கேள்வி," என்றார். "ரெண்டு தட்டையும் ஒத்திப் பிடிச்சுச் சுடுறம். ஒத்தி, ஓஸ்தி. வேற என்ன?"

"அப்படியானால் தோசைக்கல்லில் ஒத்துவதற்கெல்லாம் அந்தப் பெயர் வரவேண்டுமே?"

ஹெக்டர் பெட்டியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு யோசித்தபடியே போனார். அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் ஏறும்போதே தொடங்கினார்: "ஐயா, அது போர்த்துக்கேயச் சொல்லாம். என்ர மாமன் சொல்லுறார். சங்கிலித்தாமும் அவங்கட சொல்தானாம். நான் இவ்வளவு காலமும் அது கோவில் மணிச் சங்கிலி இழுக்கிறதால வந்த பேர் எண்டு நினைச்சனான்."

"கருத்து?"

"கருத்து மாமனுக்கும் தெரியாது."

புளோறன்ஸிடம் கேட்டேன். அவள் மா அரித்துக்கொண்டிருந்தாள். "பேர் என்னவாயும் இருக்கட்டும், அண்ணன். ராசிக்கின்ர இந்த மூட்டையில வண்டு கிடக்கு. அதைப் போய்ச் சொல்லுங்கோ," என்றாள்.

நான் விடவில்லை. வேறொருவருடைய வீட்டில், அவருடைய கட்டிலருகே, எங்கள் வீட்டுத் தொழிலைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் எழுந்து வந்திருந்தேன். அது ஒரு பக்கம். மறு பக்கம், வெட்கமின்றிச் சொல்கிறேன், எனக்கும் அறிய ஆசை பிடித்துவிட்டது. நடக்கும்போதும் அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் பிடித்தாலும் அது வழுக்கியது. கடைசியில் சிறில் சுவாமிக்கு ஒரு கடிதம் எழுதினேன். லத்தீன் படித்தவர், அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன். சுவாமி தவக்காலத் தியானம் கொடுக்க நீர்கொழும்புக்குப் போயிருந்தார். கடிதத்தை அங்கே அனுப்பினேன்.

விடை வரமுன் கதை பரவிவிட்டது.

நடந்தது இதுதான். ஒரு திங்கட்கிழமை காலை பிறிஜெற் கூப்பன் புத்தகத்தோடு ராசிக்கின் கடைக்குப் போனாள். வாப்பா எப்படி என்று கேட்டாள். ராசிக் சந்தோஷத்தில் இருந்தான். "இப்ப நல்ல சொகம். புளோறன்ஸ் அக்கா ஓஸ்தி தாறா. பால்ல ஊறப்போட்டுக் குடுக்கிறம். அது மட்டுந்தான் வயித்தில நிக்கிது," என்றான்.

பிறிஜெற் மா வாங்காமலே திரும்பினாளாம். பத்து மணிக்கு, புளோறன்ஸ் கோவில் ஓஸ்தியைச் சோனகர் வீட்டுக்குக் கொடுக்கிறாள் என்றார்கள். மத்தியானம், அது வெறும் ஓஸ்தியல்ல, பூசையில் கர்த்தரின் திருவுடலாக மாறிய தேவநற்கருணை என்றார்கள். பின்னேரம் பாமன்கடையிலிருந்து எங்கள் மைத்துனர் முறையான ஒருவர் மூச்சிரைக்க வந்து, நற்கருணையைப் பூட்டிவைக்கும் பேழையே மதிலுக்கு மேலால் போனதாமே என்று கேட்டார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

அன்று பின்னேரம் சிறில் சுவாமி ஊர் திரும்பினார். கோவில் வாசலிலேயே பிறிஜெற் அவரைப் பிடித்துக்கொண்டாள். செவ்வாய் காலை பத்து மணிக்கு அவர் எங்கள் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் பேசியவள் பிறிஜெற். "நான் ஒருவர் மேலயும் பழி போட வரேல்ல, சுவாமி. ராசிக் தன்ர வாயால சொன்னதைத்தான் சொல்லுறன். ஓஸ்தி எண்டு சொன்னவன். பால்ல ஊறப்போடுறதெண்டு சொன்னவன். சொன்னனியோ இல்லையோ, ராசிக்?"

"சென்னன்தான்," என்றான் ராசிக். கையில் தொப்பியை மடித்து விரித்துக்கொண்டிருந்தான். "அதுல எனத்த பெழ?"

"பிழையோ? கேளுங்கோ சுவாமி, பிழை என்ன எண்டு கேக்கிறான்!"

சுவாமி கையை உயர்த்தினார். "புளோறன்ஸ், நீங்கள் குடுத்தது என்ன?"

"வெட்டுத்துண்டு, சுவாமி."

"பெட்டிக்குள்ள அடுக்கின வட்டம் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை, சுவாமி."

"அப்ப ராசிக்குக்கு ஓஸ்தி எண்ட சொல் எங்காலை வந்தது? ராசிக், உனக்கு இந்தப் பேரைச் சொன்னது புளோறன்ஸோ?"

ராசிக் என்னைப் பார்த்தான். ஒரு கணம்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான். "வாப்பா செல்ற பேர், சாமி. நாங்களும் அப்பிடிச் செல்றம்," என்றான். தன் தகப்பனுக்கு அந்தப் பெயரை யார் சொன்னது என்று அவன் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்குள் இருந்துகொண்டு என்னைக் காட்டிக்கொடுக்க அவன் விரும்பவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

"பாருங்கோ," என்றாள் பிறிஜெற். "கிடையில கிடக்கிற கிழவருக்கு எங்கட கோவில் சொல்லு எப்பிடித் தெரியும்? ஓஸ்தியக் குடுத்தபடியால்தானே ஓஸ்தி எண்டு சொல்லியிருக்கினம்?"

சுவாமி நெற்றியைத் தடவினார். அவர் நல்லவர், அவசரப்படாதவர். ஆனால் பெரிய வியாழனுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. கோவிலில் பாதிச் சனம், இந்த ஓஸ்தி எங்கே போய் வந்ததோ என்று யோசித்துக்கொண்டு நாக்கை நீட்டுவதை அவர் விரும்பவில்லை. "புளோறன்ஸ், நான் உங்களைக் குற்றவாளி எண்டு சொல்லேல்ல," என்றார். "சனம் அமைதியாகுமட்டும் இரும்பு என்னட்ட இருக்கட்டும். இந்த முறை கன்னியர் மடத்தில சுடுவிக்கிறன்."

புளோறன்ஸ் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது இரும்பு அவள் இரண்டு கைகளிலும் இருந்தது. வெள்ளைத் துணி சுற்றி, எப்போதும் வைப்பது போலவே சுற்றியிருந்தாள். அதை மேசையில் வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. கதிரைக்குப் போகாமல் அப்படியே நின்றாள். முப்பது வருஷம் ஒரு வியாழன் தவறாமல் அந்தப் பிடிகளைப் பிடித்ததில் அவளுடைய வலது கைப் பெருவிரல் அடியில் தழும்பு உண்டு. அதைத் தவிர இந்த உலகத்தில் தனது என்று அவளுக்கு வேறொன்றும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் எழுந்தேன். எழுந்து நின்றுதான் சொன்னேன்.

"சுவாமி, அந்தச் சொல்லை அந்த வீட்டுக்குள் கொண்டுபோனவன் நான். அவர் என்னிடம் பெயர் கேட்டார். ஓஸ்தி என்று நான்தான் சொன்னேன்."



"ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?" என்று சுவாமி கேட்டார்.

"எங்கள் வீட்டிலிருந்து வெட்டுத்துண்டு கொடுக்கிறோம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. கோப்பையில் இருந்தது வெட்டுத்துண்டு. என் கண்ணால் கண்டேன். பொய்ப் பெயர் வைத்தவன் நான். என் தங்கைக்கு அது தெரியாது."

மதிலுக்கு அப்பாலிருந்து ஸமீமாவின் குரல் வந்தது: "அதெத்தான் நான் அப்பவே செல்லச் சென்னன், இந்த மனிசன் கேக்கல்ல." ராசிக் யன்னல் பக்கம் திரும்பி, "சும்மா ஈ," என்று அவளை அடக்கினான்.

சுவாமி ஹெக்டரைப் பார்த்தார். "பெட்டி உம்மட கைக்கு எப்ப வருது?"

"வெள்ளி பின்னேரம், பூட்டோட. இவ்வளவு காலத்தில ஒரு ஓஸ்தி கோவிலில இருந்து இந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததில்லை, சுவாமி. தேவநற்கருணைப் பேழைச் சாவி உங்கட இடுப்பில. பிறகென்னெண்டு வரும்?"

பிறிஜெற்றின் முகம் சிவந்தது. ஆனாலும் அவள் இலேசில் விடுகிறவள் அல்ல. "வட்டமா வெட்டினா என்ன, ஓரமா வெட்டினா என்ன? ஒரே மா, ஒரே இரும்பு. ஒரே செம்மறி பதிஞ்சிருக்கு. ஓஸ்தி ஓஸ்திதானே?"

அப்போது புளோறன்ஸ் பேசினாள். மேசையிலிருந்து கையை எடுக்காமலே பேசினாள். "பிறிஜெற், உன்ர நாலு பிள்ளையளும் இந்த மதிலடியில நிண்டு திண்டுதான் வளர்ந்தது. அலோசியஸ் சேட்டுப் பையை நிரப்பிக்கொண்டு ஓடுவான். நீ ஒரு நாளும் வேண்டாமெண்டு சொல்லேல்ல. அவன் திண்டது என்னது?"

"அது... அது வெட்டுத்துண்டு, அக்கா."

"அந்த இரும்பு இதுதான்," என்றாள் புளோறன்ஸ்.

ஹெக்டர் இருமுவது போல் சிரிப்பை மறைத்தார். சுவாமி சிரித்தே விட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். அது நீர்கொழும்பில் எனக்கென்று எழுதி, தபாலில் போடாமல் கையோடு கொண்டுவந்த விடை. மஷூர் நானாவின் கேள்விக்கு அந்த மண்டபத்தில் விடை கிடைக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

"பிறிஜெற், கேளும்," என்றார். "ஓஸ்தி லத்தீன் சொல். போர்த்துக்கேயர் வாயால எங்களட்ட வந்திருக்கவேணும். பழைய ரோமையில பலிபீடத்துக்குக் கொண்டுபோற ஆடு மாட்டுக்குத்தான் அந்தப் பேர். பலிப்பொருள் எண்டு கருத்து. பட்டியில மேயிற ஆட்டை ஒருவரும் அப்பிடிச் சொல்லேல்ல. அப்பத்துக்கு அந்தப் பேர் வந்தது பலியில வைக்கிறதால. வட்டத்தைப் பலிக்கெண்டு எடுத்துவைக்கிறம். அதனால அதை ஓஸ்தி எண்டுறம். ஓரம் பலிக்குப் போறதில்லை. அது பிள்ளையளுக்குப் போகுது."

"மாவும் தண்ணியும்," என்றாள் புளோறன்ஸ்.

"மாவும் தண்ணியும்," என்றார் சுவாமி. இரும்பைத் துணியோடு அவள் பக்கம் தள்ளினார். "வியாழக்கிழமை சுடுங்கோ. பெரிய வாரத்துக்குக் கூடுதலா வேணும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது நான் கோவில் வாசலில் நின்று, அந்தச் சொல்லைச் சொன்னவன் நான் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்றார். கட்டளையாகச் சொல்லவில்லை. கட்டளையாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

நின்றேன். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, குருத்தோலையைக் கையில் பிடித்தபடி நின்றேன். பதினேழு பேர் கேட்டார்கள். பதினேழு பேருக்கும் ஒரே வசனத்தைச் சொன்னேன். மற்றவர்கள் கேட்காமல் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அதுவும் ஒருவகைக் கேள்விதான் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் மஷூர் நானாவிடம் போனேன். அவர் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தார். என்னைக் கண்டதும், "கருத்துக் கெடச்சதா?" என்றார். கதை முழுவதும் ராசிக் சொல்லியிருப்பான். ஆனால் அவர் அதைக் கேட்கவில்லை. கருத்தைத்தான் கேட்டார்.

சொன்னேன். பலிக்குக் கொண்டுபோகும் ஆட்டுக்குரிய பெயர் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "அப்ப குர்பானுக்குக் கட்டி வெச்ச கெடா மாதிரி. விளங்குது, விளங்குது. அதுக்கு முந்தி? அந்தச் சொல்லு எங்கேருந்து வந்த?"

அதையும் சுவாமியின் கடதாசியில் பார்த்திருந்தேன். "அங்கே பண்டிதர்கள் ஒத்துப்போகவில்லையாம். அடித்தல் என்று கருத்துள்ள ஒரு பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்ததென்று சிலர் சொல்கிறார்களாம். நிச்சயமில்லை."

மஷூர் நானா முழங்காலில் தட்டினார். "அடி! பாருங்க கிளாக்கர், சப்பாத்தியும் அடி, இதும் அடி. உலகத்தில ஒரு ரொட்டியும் அடி வாங்காமப் பேர் எடுக்கல்ல போல ஈக்கி."

"நிச்சயமில்லை என்று சொன்னேன்."

"நிச்சயமில்லாட்டி இன்னம் நல்லது. இன்னொரு நாளெக்கிக் கதைக்கலாம்." கோப்பையை என் பக்கம் காட்டினார். "அப்ப நான் திண்டது அது இல்ல. இதுக்கு எனத்த பேர்?"

"வெட்டுத்துண்டு," என்றேன். "வட்டம் வெட்டினால் மிஞ்சுவது."

"வெட்டினதால வெட்டுத்துண்டு." அவர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது போதுமே. நீங்க ஏன் இதெ முந்தியே செல்லல்ல?"

ஸமீமா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

பெரிய வாரத்துக்குப் புளோறன்ஸ் மூன்று பெட்டி சுட்டாள். உயிர்ப்பு ஞாயிறு கழிந்த சில மாதங்களில், மஷூர் நானா தேறி எழுந்ததைப் பார்த்த சிலர், அவர் ஓஸ்தி உண்டதால் மனம் மாறி இரகசியமாக எங்கள் வேதத்தில் சேர்ந்துவிட்டார் என்றும், நான்தான் ஞானத் தகப்பனாக நின்றேன் என்றும் சொல்லத் தொடங்கினார்கள். இன்றும் சொல்கிறார்கள். அவர் சேரவில்லை. அவரை ஒருவரும் கேட்கவுமில்லை. அவர் உண்டது மாவும் தண்ணீரும் ஆட்டுப்பாலும்.